செத்த கத்தரிச் செடியோடு ஈஜோக் வரை

காலை 5.40, பந்திங்.

முதல் பஸ்ஸுக்காக நான் நின்றபோது என் கையில் ஒரு கத்தரிச் செடி இருந்தது. வேரோடும் மண்ணோடும் பிடுங்கி, நனைத்த நாளிதழில் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டியிருந்தேன். அதற்கு இன்னும் முழுதாக உயிர் போகவில்லை. இலைகள் மட்டும் தொங்கிவிட்டன. அதன் கூடப் பிறந்த முப்பத்தொன்பதும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டன. நாற்பதாவதான இதை நான் சாட்சிக்காக எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

இது 1986-ஆம் ஆண்டில், ஒரு சனிக்கிழமை நடந்தது. எனக்கு அப்போது நாற்பது வயது. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு, பதினேழு வருஷம் புல் வெட்டும் கேங்கில் வேலை செய்தவள் நான். தோட்டத்தை விட்டு வெளியே வந்து பந்திங் ஓரம் குடியேறிய பிறகு, வருஷா வருஷம் புதுப்பிக்கிற அரசாங்க நிலம் அரை ஏக்கர் எங்களுக்குக் கிடைத்தது. காலையில் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை, மத்தியானத்துக்கு மேல் அந்த நிலம். அதில் எது வைத்தாலும் வந்தது. வெண்டை வந்தது, மிளகாய் வந்தது, பயற்றங்காய் பந்தலை அமுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் சந்தையில் எப்போதும் கேட்கிற கத்தரி மட்டும் பூக்கிற சமயத்தில் ஒரே நாளில் வாடிச் செத்தது. ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம்.

மூன்றாவது வருஷம்தான் என் கொழுந்தன் சிவலிங்கம் நாற்பது நாற்று கொண்டுவந்து கொடுத்தான். அவன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். ஈஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அஞ்சலை என்று ஒருத்தி காட்டுச் செடியின் மேல் கத்தரியை ஒட்டுக் கட்டி விற்கிறாளாம், அது வாடவே வாடாதாம். நான் நம்பினேன். பிள்ளைக்குச் செய்வதுபோல அவற்றுக்குச் செய்தேன். கடைசியில் அவையும் வாடின.

என் வீட்டுக்காரர் பெயர் மாணிக்கம். ஒரு கிடங்கில் இரவுக் காவல் வேலை. நாற்பதில் முதல் பத்து செத்த அன்றே அவர் சொல்லிவிட்டார், நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் தோட்டத்துக்கே போகலாம் என்று. எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்ட ஆள் எடுக்கிறார்களாம், லயத்து வரிசையில் வீடும் தருவார்களாம். திங்கட்கிழமை நில ஆபிசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரப் போகிறாராம். நான் வாயைத் திறந்தால், "நெலமாவது கத்தரிக்காயாவது" என்று ஒரே பேச்சு.

நம் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டுமானால் கத்தரிக்காயைக் கூப்பிடுவார்கள். தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டும்போது, பணக்கார அப்பா மகளைப் பார்த்துக் "காதலாவது கத்தரிக்காயாவது" என்று கத்தினால் திடலே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் பிழைப்புக்கு அந்தக் காயையே நம்பியிருக்கிறவளிடம் அதைச் சொன்னால் வயிறு எரியுமா எரியாதா? மறுபடி லயத்துக்குப் போக மாட்டேன் என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த அஞ்சலையைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டு, செத்த நாற்பதுக்கும் பதிலாக நல்ல செடி வாங்கிவராமல் திரும்புவதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன். திங்கட்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது.

காலை 7.00, கிள்ளான்.

பந்திங்கிலிருந்து கிள்ளானுக்கு ஒரு வெள்ளி நாற்பது காசு. அங்கிருந்து கோலசிலாங்கூர் பஸ்ஸுக்கு இரண்டு வெள்ளி பத்துக் காசு. தூரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் என்று கண்டக்டர் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதெல்லாம் இல்லை, இருபத்தெட்டு மைல்தான் என்று திருத்தினார். இரண்டும் ஒன்றுதான் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

காப்பார் தாண்டும்வரை மடியில் செடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அஞ்சலையிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பேரை இப்படி ஏமாற்றினாய் என்று ஆரம்பிக்கலாமா, அல்லது முதலில் செடியை அவள் முன்னால் போட்டுவிட்டு அப்புறம் பேசலாமா? இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஜெராமில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். என் மடியில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது தெரோங் அல்லவா, நோயாளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதுபோலக் கொண்டுபோகிறாயே என்று மலாயில் கேட்டார். சிரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் சிரித்துவிட்டேன். கதையைச் சொன்னேன். அவர் பேப்பரை விலக்கி அடித்தண்டைப் பார்த்தார். அங்கே முள்ளோடு ஒரு சிறு துளிர் விட்டிருந்தது. அதைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, இது தெரோங் பிப்பிட் என்றார்.

தெரோங் என்றால் கத்தரிக்காய், பிப்பிட் என்றால் சிட்டுக்குருவி. நாம் சுண்டைக்காய் என்று சொல்வதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். நாம் கத்தரிக்காயை ஒரு பக்கம், சுண்டைக்காயை ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். ஒன்று குழம்புக்கு, ஒன்று வற்றலுக்கு. இரண்டும் ஒரே குடும்பம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மலாய்க்காரர்கள் அதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், குருவி தின்கிற கத்தரிக்காய் என்று. சாலையோரம் தானே முளைத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிற செடி அது. அதன் மேல்தான் அஞ்சலை கத்தரியை ஒட்டியிருக்கிறாள். விவரம் புரிந்ததும் எனக்குக் கோபம் கூடத்தான் செய்தது. ரோட்டோரச் செடியைப் பிடுங்கி நட்டு, செடிக்கு ஐம்பது காசு வாங்கியிருக்கிறாளே என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் ஜெராமில் இறங்கும்போது, தெரோங்கை நெருப்பில் சுட்டு, சம்பாலோடு பிசைந்து சாப்பிட்டுப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் சுட்டுப் பிசைவோம், ஆனால் புளியும் பச்சைமிளகாயும் சேர்ப்போம் என்று நான் ஜன்னல் வழியாகச் சொன்னேன். அவர் கையை மட்டும் ஆட்டினார்.

காலை 8.20, கோலசிலாங்கூர்.

ஈஜோக் பஸ் ஒன்பதே காலுக்குத்தான். ஒரு கடையில் தோசையும் தேநீரும் சாப்பிட்டேன். மொத்தம் ஒரு வெள்ளி இருபது காசு. அப்படியே சந்தைப் பக்கம் நடந்து கத்தரிக்காய் விலை பார்த்தேன். எங்கே போனாலும் அதைப் பார்க்காமல் எனக்குக் கால் நகராது. சீனர் கடையில் முழ நீளத்துக்கு ஊதாக் கத்தரிக்காய், கிலோ ஒரு வெள்ளி பத்துக் காசு. நம் ஆள் ஒருவர் தரையில் சாக்கு விரித்துப் பச்சையில் வெள்ளை வரி ஓடிய குண்டுக் கத்தரிக்காய் வைத்திருந்தார். கிலோ ஒன்று அறுபது. நீளக்காயை விட அரை வெள்ளி அதிகம். அப்படியும் நான் நின்ற பத்து நிமிஷத்தில் மூன்று தமிழ்ப் பெண்கள் நீளக்காயைத் தாண்டி வந்து குண்டுக்காயைத்தான் பொறுக்கினார்கள். ஒருத்தி கத்தரிப்பூ நிறத்தில் நைலக்ஸ் சேலை கட்டியிருந்தாள். அந்த நிறத்துக்கு வேறு பெயர் நமக்குக் கிடையாது. ஒன்றுமில்லை என்று பேச்சில் தள்ளுகிற காயின் பூவைச் சேலைக் கடையில் மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறோம்.

பஸ் நிலையத்துக்குத் திரும்பும்போது கருவாட்டுக் கடை ஒன்று குறுக்கே வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காயவைத்த கருவாடு, வாசனை நாலு கடைக்கு அடித்தது. நான் சண்டைக்குப் போகிறவள். வாங்கிக்கொண்டு போவது முறையா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆனால் அடுத்தவர் வீட்டு வாசலில் வெறுங்கையோடு நிற்பதற்கும் மனம் வரவில்லை. அரைக் கிலோ மூன்று வெள்ளிக்கு வாங்கி, செடிக்குப் பக்கத்தில் பையில் வைத்தேன். சண்டை முடிந்த பிறகு கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

காலை 10.00, ஈஜோக்.

இருபது கிலோமீட்டர், தொண்ணூறு காசு. வழியெல்லாம் செம்பனை. நடுவே வீடுகள் கூடிய ஒரு மலாய்க் கம்பம், தொழுகைக்கு ஒரு சூராவ், ஒரு காளியம்மன் கோயில், பிறகு மறுபடி செம்பனை. முச்சந்தியில் என்னை இறக்கிவிட்டு, தோட்டம் உள்ளே நாலு கிலோமீட்டர், பஸ் போகாது என்று கண்டக்டர் சொன்னார். நடந்தேன். கால் கிலோமீட்டர் போவதற்குள் உர மூட்டை ஏற்றிய லோரி ஒன்று பக்கத்தில் நின்றது. ஓட்டியவர் தமிழர், முப்பது வயது இருக்கும், புக்கிட் பெலிம்பிங் ஊர்க்காரராம். தோட்டத்துக்குத்தான் போகிறேன், ஏறிக்கொள்ளுங்கள் என்றார்.

அஞ்சலை வீடு என்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தச் சுற்று வட்டாரத்தில் அவளுக்கு ஒட்டு அஞ்சலை என்று பெயராம். முன்பு கணவனும் மனைவியுமாக ரப்பர்க் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் கேங்கில் இருந்தார்களாம். அவன் பட்டையை வெட்டித் துளிர்க் கண் வைப்பான், இவள் சுற்றிக் கட்டுவாள். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் ஒட்டுக் கட்ட ரப்பர் இல்லாமல் போனது. கணவன் ரவாங்குக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். இவள் கத்தியைக் கீழே வைக்க மாட்டேன் என்று கத்தரியில் இறங்கிவிட்டாள். லோரிக்காரருடைய அம்மாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, கத்தரிக்காயைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அந்த அம்மா அஞ்சலையிடமே காய் வாங்கி, மருமகள் பார்க்காதபோது பொரித்துத் தின்கிறாராம்.

நான் எதற்குப் போகிறேன் என்றும் கேட்டார். சொன்னேன். அவர் கியரை மாற்றிக்கொண்டே, "சண்டையா? பாத்துப் பேசுங்கக்கா. அது கையில எப்பவும் கத்தி இருக்கும்லா" என்றார். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

காலை 10.30, தோட்டம்.

லயத்தின் பின்பக்கம், கொடியில் துணி காய்கிற இடத்தைத் தாண்டி, கறுப்புத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய ஒரு கொட்டகை. அதன் கீழே பால் டின்களில் வரிசை வரிசையாகச் சுண்டை நாற்று. நடுவே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் கைலியும் ஆண் சட்டையும் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான், ஒன்றிரண்டு குறைவாக இருக்கலாம். சுண்டையின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, ஆப்புப் போலச் செதுக்கிய கத்தரித் துளிரை அந்தப் பிளவில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றினாள். ஒரு செடிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் வந்த வேலையை மறந்து நாலு செடி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் கோபம் ஞாபகம் வந்தது.

ஒத்திகை பார்த்தபடியே செடியை அவள் முன்னால் போட்டேன். பந்திங்கிலிருந்து வருகிறேன், சிவலிங்கத்திடம் நீ கொடுத்துவிட்ட நாற்பதில் இது கடைசி, முப்பத்தொன்பது செத்தாயிற்று, இதை நம்பித்தான் நிலத்தை வைத்திருந்தோம், திங்கட்கிழமை நிலம் கையை விட்டுப் போகப் போகிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன். என் குரல் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவுகள் இரண்டு திறந்தன. அஞ்சலை கையிலிருந்த சுண்டை நாற்றை ஓரமாக வைத்தாள். பேப்பரைப் பிரித்து, செடியைத் தூக்கி வேரைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மேல் தண்டை இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டித் தண்ணீரில் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் வெட்டு வாயிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. ரப்பர் மரத்தில் சீவிய கோட்டிலிருந்து பால் வடிகிற மாதிரி, ஆனால் மயிரிழைக்குப் பாதி. ரப்பர் மரத்தடியில் வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் பாலைப் பார்த்தால் சந்தோஷம் வர வேண்டும். இது அந்தப் பால் இல்லை. மண்ணில் இருக்கிற சீக்கு இது, கத்தரி வேர் வழியாக ஏறும் என்றாள். பிறகு தண்ணீரை மாற்றி, ஒட்டு முடிச்சுக்குக் கீழே சுண்டைத் தண்டை வெட்டி அதையும் பிடித்தாள். வெகு நேரம் பிடித்தாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

அவள் செடியை என்னிடம் திருப்பி முடிச்சைக் காட்டினாள். முடிச்சுக்கு மேலே, கத்தரித் தண்டிலிருந்து சுற்றிலும் தாடி போல வேர் இறங்கியிருந்தது. எல்லாம் பழுப்பு.

"யாரு மண்ணு அணைச்சது?"

"நான்தான்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமைதான். பதினேழு வருஷம் வேலையை மேற்பார்க்கிற எந்த மண்டோரும் என் நிரையில் குறை கண்டதில்லை. இளங்கன்றைச் சுற்றிப் புல்லை வழித்து, மண்ணை இழுத்துத் தண்டோடு அணைத்து, கையால் தட்டி விட வேண்டும். அணைக்காமல் விட்டவளுக்கு அரை நாள் கூலி போய்விடும். என் மண் அணைப்பைக் கணக்கு எழுதுகிற கிராணியே நின்று பார்த்திருக்கிறார்.

"எம்புட்டு ஒசரம்?"

ஒரு சாண் காட்டினேன்.

அஞ்சலை கத்தியைத் துடைத்து மடக்கினாள். "அக்கா, நீங்க புல்லு வெட்டுற கேங்கா? ஒட்டுக்கு மேல மண்ணு ஏறக் கூடாது. ஏறுனா கத்தரி தன் சொந்தக் கால ஊனிடும். சுண்டை எதுக்கு அப்புறம்?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் நேரம் ஆனது. வாரா வாரம் மண்ணை ஏற்றி ஏற்றி, அவள் கட்டிக் கொடுத்த காவலைத் தாண்டி, செடியை நானே சீக்கு மண்ணுக்குள் இறக்கியிருக்கிறேன். சோம்பேறி ஒருத்தி நட்டிருந்தால் நாற்பதும் பிழைத்திருக்கும். கொன்றது என் சுறுசுறுப்பு. ஆனாலும் தோற்றுப்போக மனமில்லாமல், இதை நீ சொல்லி அனுப்பியிருக்க வேண்டாமா என்று கேட்டேன்.

அவள் மறுக்கவில்லை. "சொல்லி இருக்கணும்" என்றாள். ஒட்டுக் கேங்கில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற விஷயம் அது, எறும்புகூட முடிச்சில் மண் வைக்கக் கூடாது என்பார்கள். அதனால் உலகத்துக்கே தெரியும் என்று அவள் நினைத்திருக்கிறாள். மண் அணைக்காத கன்று உருப்படாது என்று நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரே மாதிரி லயத்தில் பிறந்து, ஒரே மாதிரி விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றவர்கள்தான் இரண்டு பேரும். ஆனால் ஒரு கேங் படித்ததை அடுத்த கேங் படிக்கவில்லை.

பிறகு அவள் முகம் மாறியது. ராசா தோட்டத்துக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் இதே மாதிரி பெட்டி பெட்டியாகக் கொடுத்துவிட்டிருக்கிறாளாம், அங்கேயும் வாங்கியவர்கள் புல் வெட்டுகிற பெண்கள்தானாம். எழுதி அனுப்பலாம் என்றால் அவளுக்கு எழுத்து வராது. எனக்கு வரும் என்றேன். அவள் ஆள்பேர் குறிக்கும் பழைய செக்ரோல் தாள்களை எடுத்து வந்தாள். நான் அவற்றை நீளநீளமாகக் கிழித்து, "முடிச்சுக்கு மேலே மண் ஏறக் கூடாது. மண் அணைக்காதீர்கள்" என்று எழுத ஆரம்பித்தேன். அறுபது துண்டு எழுதினேன். ஒவ்வொரு துண்டை எழுதும்போதும் அது எனக்கே எழுதியதாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தண்டனைக்கு எழுதச் சொன்னதுபோல எழுதி முடித்தேன்.

மத்தியானம் 1.00.

கருவாட்டை நான் கொடுத்துவிட்டேன். எப்போது கொடுத்தேன் என்றே நினைவில்லை. அவள் அதை வெந்நீரில் போட்டுவிட்டு, கொல்லையில் வரிக் கத்தரிக்காய் பறித்தாள். காம்போடு நாலாகக் கீறி உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டாள், கறுக்காமல் இருக்க. நல்லெண்ணெயில் வெந்தயமும் சின்ன வெங்காயமும் போட்டு, கத்தரிக்காயை முதலில் தோல் சுருங்கும்வரை வதக்கி எடுத்து வைத்தாள். நான் நேராகக் குழம்பில் போடுகிறவள். அதைச் சொன்னேன். அதனால்தான் உங்கள் பக்கம் காய் கரைந்து போகிறது என்றாள். கரைந்தால்தான் ருசி என்றேன். அந்தச் சண்டையில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. புளி கொதித்து, கருவாடு விழுந்து, கடைசியாகக் கத்தரிக்காய் இறங்கியது. நான் மூன்று முறை சோறு வாங்கினேன். கத்தரிக்காய் முழுசாக, விரலால் அழுத்தினால் வெண்ணெயாக இருந்தது. அவள் முறை நல்லது என்று இங்கே எழுதுகிறேன், அவளிடம் சொல்லவில்லை.

தயாராக இருந்த நாற்று இருபத்தாறு. வேறு ஒருவர் சொல்லி வைத்ததாம். அவர் அடுத்த வாரம் வந்தால் போதும் என்று அஞ்சலை அத்தனையையும் பெட்டியில் அடுக்கினாள். செத்ததற்குப் பதிலாக வாங்கிப் போகத்தான் நான் வந்தேன், இப்போது அப்படி வாங்க வாய் எழவில்லை. காசைக் கொடுத்தேன். அவள் பாதியை என் பையில் போட்டுவிட்டு, சொல்லாமல் விட்டது தன் தப்பு என்றாள். அறுபது துண்டு எழுதியிருக்கிறீர்களே என்றும் சொன்னாள்.

பிற்பகல் 3.15, திரும்பும் வழி.

லோரிக்காரர் முச்சந்தி வரை கொண்டுவந்து விட்டார். யார் ஜெயித்தது என்று கேட்டார். செடி ஜெயித்தது என்றேன். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

பஸ்ஸில் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது வெட்கம் முழுதாக வந்து சேர்ந்தது. இரண்டு மாதமாக எங்கள் வரிசையில் எல்லார் வீட்டிலும் ஈஜோக்காரி ஏமாற்றுக்காரி என்று சொல்லியிருக்கிறேன். அதை ஒவ்வொரு வீடாகப் போய்த் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, சொல்லிவிடுவேன். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. செடி தப்பு, மண் தப்பு, ஈஜோக்காரி தப்பு என்று சொல்லிச் சொல்லித்தான் மூன்று வருஷம் அந்த நிலத்தைப் பிடித்து வைத்திருந்தேன். தப்பு என் கையில்தான் என்று தெரிந்தால், திங்கட்கிழமை அவர் நடையை எதைச் சொல்லி நிறுத்துவேன்?

ஜெராம் தாண்டி ஓரிடத்தில் யாரோ மிளகாய்க்கு மண் அணைத்திருந்தார்கள். அரைகுறை வேலை. இறங்கிப் போய்ச் சரி செய்ய வேண்டும்போல எனக்குக் கை அரித்தது. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். எங்கள் பந்திங் மண் கறுப்பு, இழுத்தால் மாவு மாதிரி வரும். ஈஜோக் மண் சிவப்பு, மண்வெட்டியோடு மல்லுக்கட்டும். அங்கே பிறந்திருந்தால் நானும் இவ்வளவு ஆசையாக மண்ணை அள்ளியிருக்க மாட்டேனோ என்னவோ.

மாலை 7.10, பந்திங்.

வீட்டுக்காரர் பஸ் நிலையத்தில் சைக்கிளோடு நின்றார். எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவர். பெட்டியைப் பார்த்தார், வாங்கிப் பின்னால் கட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கடைத்தெரு தாண்டியதும் கேட்டார்.

"என்ன சொன்னா அந்தப் பொம்பள?"

"அவ மேல தப்பு இல்ல. ஒட்டுக்கு மேல மண்ணு ஏறக் கூடாதாம். நான்தான் அணைச்சு அணைச்சுக் கொன்னுட்டேன்."

அந்தக் கத்தரிக்காய்ப் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் பின்னால் சரிந்த பெட்டியை நிமிர்த்திக் கட்டினார்.

"நீ மட்டும் இல்ல" என்றார்.

"என்ன?"

"நானும் அணைச்சேன். காலையில வேலை முடிஞ்சு வர்றப்ப நீ ஸ்கூலுக்குப் போயிருப்பே. மழைக்கு நீ போட்ட மண்ணு சரிஞ்சு கெடக்கும். ஏத்தி விட்டுட்டுத்தான் படுப்பேன்."

"எத்தன நாளு?"

"தெனமும்."

நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். இரவெல்லாம் கண் விழித்த மனிதர், விடிந்ததும் தூங்கப் போகாமல், விட்டுவிடலாம் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்த அதே நிலத்தில் குனிந்து நாற்பது செடிக்கு மண் ஏற்றியிருக்கிறார். மூன்று வருஷமாக நான் ஒருத்திதான் இழுக்கிறேன், அவர் நகர மறுக்கிறார் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லி, அப்புறமும் செத்துச்சுன்னா?" என்றார். "எனக்கும் ஆசை இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரிஞ்சு போயிருமே."

வீட்டுக்குப் போகும் முன்பே நிலத்துப் பக்கம் திரும்பிவிட்டோம். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பெட்டியை இறக்கி வைத்து, இருபத்தாறையும் நிழலில் வரிசையாக வைத்தோம். திங்கட்கிழமை ஆபிசுக்கு என்ன தாள் கொண்டுபோக வேண்டும், புதுப்பிக்கிற தாள் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அரிசி டின்னுக்குள் இருக்கிறது என்றேன். அவர் வேலைக்குப் புறப்பட்டுப் பத்தடி போனவர் திரும்பி வந்து, பயற்றம் பந்தல் காலில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டார்.

"இது என்கூட கெடங்குல இருக்கட்டும்" என்றார். "ஒன்னையும் நம்ப முடியாது, என்னையும் நம்ப முடியாது."